எலினார் ரூஸ்வெல்ட்டும் மனித உரிமைப் பிரகடனமும்: அதிபரின் மனைவி என்ற அடையாளம் எதுவரை உதவியது?

ஐ.நா. பொதுச் சபை 1948இல் ஏற்ற அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எலினார் ரூஸ்வெல்ட்டின் பெயர் முன்னால் வருவது, அவர் ஓர் அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்ததால்தானா என்பது கேள்வி. ஆட்சியில் இருப்பவரின் மனைவி என்ற நிலையிலிருந்து ஒருவர் பன்னாட்டு மனித உரிமைக்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்பது அதனோடு சேர்ந்த இரண்டாவது கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், பிரகடனத்தை உருவாக்கிய ஐ.நா. ஆணைக்குழுவின் தலைவர் நாற்காலி அவருக்குக் கிடைத்ததற்கு மணவாழ்க்கை ஒரு முக்கியக் காரணம். நாற்காலியில் அமர்ந்து செய்த வேலைக்கு அது காரணம் ஆகாது. அவர் தலைமையேற்ற வேலை தொடங்கியபோது அவர் அதிபரின் மனைவியும் அல்லர். கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. இந்தக் கால வரிசையைக் கவனிக்காமல் பேசுவதால்தான், அவரைப் பிரகடனத்தின் தாய் என்று புகழ்கிறவர்களும் வெறும் அலங்காரத் தலைவர் என்று ஒதுக்குகிறவர்களும் ஒரே அளவு தவறிவிடுகிறார்கள்.

வெள்ளை மாளிகையில் அவர் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளை, அதாவது 1933 மார்ச் முதல் 1945 ஏப்ரல் வரையிலான காலத்தை, முதலில் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் அவருக்கு அதிபரின் காது கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. 1934இல் கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்வதைத் தடுக்கும் மசோதாவுக்கு அதிபரின் ஆதரவைக் கேட்பதற்காக, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட்டை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்தவர் எலினார்தான். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒவ்வொரு ஆட்சேபமாகச் சொல்ல, ஒயிட் ஒவ்வொன்றுக்கும் கையோடு விடை வைத்திருந்தார். யாரோ உமக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், என் மனைவியா என்று அதிபர் கேட்டதாக ஒயிட் பின்னர் எழுதினார். அன்று அங்கிருந்த அதிபரின் தாயாரும் ஒயிட்டின் பக்கமே சாய்ந்தார். மனைவி, தாய், விருந்தினர் மூவரும் ஒரு பக்கம் நின்றும் அதிபர் அசையவில்லை. தெற்கு மாநிலங்களின் செனட்டர்கள் முக்கியமான குழுக்களின் தலைமையைக் கையில் வைத்திருந்தார்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டால் மற்ற எந்த மசோதாவையும் நிறைவேற விடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்த மசோதா சட்டமாகவில்லை.

இப்படிப்பட்ட தோல்விகள் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றிரண்டல்ல. நாஜி ஆட்சியிலிருந்து தப்பும் 20,000 குழந்தைகளை அமெரிக்காவுக்குள் அனுமதிக்க 1939இல் வந்த மசோதாவை அவர் ஆதரித்தார்; கணவர் வாய் திறக்கவில்லை; மசோதா மடிந்தது. 1942 பிப்ரவரியில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீடுகளிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைக்க வழிசெய்த உத்தரவில் அதே கணவர் கையெழுத்திட்டார். அதை எலினார் தனிமையில் எதிர்த்தார், வெளியில் எதிர்க்கவில்லை. 1943இல் அரிசோனாவிலிருந்த கீலா ரிவர் முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு மேல் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அதிபரின் மனைவி பகிரங்கமாக மாறுபட்டால் அது அரசுக்குள் பிளவு என்று பேசப்படும். வாயை மூடிக்கொண்டால் அது ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளப்படும். வெள்ளை மாளிகையில் இருந்தபோது அவர் அதிகாரபூர்வமாக வகித்த ஒரே பொறுப்பு குடிமைப் பாதுகாப்பு அலுவலகத்தின் உதவி இயக்குநர் பதவி. 1941 செப்டம்பரில் ஏற்ற அதையும் விமர்சனம் தாங்காமல் அடுத்த பிப்ரவரியிலேயே விட்டு விலக நேர்ந்தது.

ஆனாலும் அந்த ஆண்டுகள் வீணாகப் போகவில்லை. கட்டளையிடும் உரிமை இல்லாத ஒருவர், இசைவை மட்டுமே கருவியாகக் கொண்டு காரியம் சாதிக்க வேண்டியிருக்கும். யாரை யாரோடு சந்திக்க வைப்பது, எந்தப் பேச்சை எந்த இடத்தில் நிறுத்துவது, எதிர்ப்பவரை எப்படி அவமானப்படுத்தாமல் விலக்குவது ஆகியவை அவருக்குப் பழகிப்போயின. 1935 இறுதியிலிருந்து வாரத்துக்கு ஆறு நாள் நாளிதழ்களில் பத்தி எழுதியதால், சட்டம் படிக்காத வாசகருக்குப் புரியும்படி சொல்லும் பழக்கமும் வந்தது. அடுத்து அவருக்கு அமைந்த பணிக்கு இவ்விரண்டும் நேரடியாகப் பயன்பட்டன.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில், லண்டனில் கூடவிருந்த ஐ.நா. பொதுச் சபையின் முதல் கூட்டத்துக்கான அமெரிக்கத் தூதுக்குழுவில் எலினாரைச் சேர்த்தார் அடுத்த அதிபர் ட்ரூமன். இதை வெறும் தகுதிக்குக் கிடைத்த அழைப்பு என்று சொல்ல மாட்டேன். ரூஸ்வெல்ட் என்ற பெயர் தன் பக்கம் நிற்பது ட்ரூமனுக்கு அரசியல் ரீதியில் தேவையாயிருந்தது. தூதுக்குழுவில் இருந்த ஆண்கள் அவரைச் சமூகம், மனிதாபிமானம், பண்பாடு ஆகியவற்றைக் கவனிக்கும் மூன்றாம் குழுவில் அமர்த்தினார்கள். அங்கே இருந்தால் பெரிதாகக் கெடுத்துவிட முடியாது என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள் என்று அவரே பிற்பாடு எழுதினார்.

நடந்தது வேறு. போருக்குப் பிறகு ஐரோப்பிய முகாம்களில் தேங்கிக் கிடந்த அகதிகளின் பிரச்சினை அந்தக் குழுவுக்குத்தான் வந்தது. அவர்கள் அனைவரும் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும், திரும்ப மறுப்பவர்கள் துரோகிகள் என்பது சோவியத் தரப்பின் நிலை. விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார் எலினார். விவாதம் பொதுச் சபைக்குப் போனபோது சோவியத் தரப்பில் பேசியவர் வைஷின்ஸ்கி. 1930களில் ஸ்டாலின் தன் எதிரிகளை ஒழிக்க நடத்திய மாஸ்கோ வழக்கு விசாரணைகளில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்து பெயர் பெற்றவர். அவருக்கு விடை சொல்ல அமெரிக்கத் தரப்பில் ஆயத்தமாக இருந்தவர் எலினார் ஒருவரே என்பதால், அவர் நியமனத்தை முதலில் விரும்பாத சக தூதுக்குழு உறுப்பினர் ஜான் பாஸ்டர் டல்லஸே வந்து, ஏதாவது பேச முடியுமா என்று கேட்க வேண்டியதாயிற்று. நேரம் கடந்திருந்தது, உறுப்பினர்கள் இரவு உணவுக்குக் கிளம்பிவிட்டால் வாக்கெடுப்பு என்னாகும் என்ற கவலை இருந்தது. தென் அமெரிக்கப் பிரதிநிதிகளை இருக்கையில் பிடித்து வைப்பதற்காகவே அவர் தன் பேச்சில் சீமோன் பொலிவாரையும் அவர் அம்மக்களின் விடுதலைக்காகப் போராடியதையும் கொண்டுவந்தார். அவர்கள் போகவில்லை. சோவியத் திருத்தங்கள் தோற்றன. மேடைப் பேச்சின் அழகைவிட அரங்கில் எத்தனை தலைகள் இருக்கின்றன என்று எண்ணும் இந்தக் கண்தான் அவருடைய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1946 வசந்தத்தில் நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரியில் கூடிய, மனித உரிமை ஆணைக்குழுவை அமைப்பதற்கான தொடக்கநிலைக் குழு அவரைத் தலைவராகத் தேர்ந்தது. 1947 ஜனவரியில் நியூயார்க் அருகேயுள்ள லேக் சக்சஸில் கூடிய 18 உறுப்பினர் கொண்ட மனித உரிமை ஆணைக்குழுவும் அவரையே தேர்ந்தது. பிரகடனத்தை அவர் எழுதினார் என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். ஐ.நா. செயலகத்தின் மனித உரிமைப் பிரிவுக்கு இயக்குநராக இருந்த கனடா நாட்டு ஜான் ஹம்ஃப்ரி முதல் வரைவை 48 பிரிவுகளில் எழுதினார். அதை ஒழுங்குபடுத்தி ஒரு சட்ட ஆவணத்தின் கட்டமைப்பைக் கொடுத்தவர் பிரான்ஸின் ரெனே கசான். சீனாவின் பி. சி. சாங்கும் லெபனானின் சார்லஸ் மாலிக்கும் அதன் தத்துவ அடிப்படை பற்றி ஓயாமல் மோதினார்கள். வேலை, கல்வி, சமூகப் பாதுகாப்பு பற்றிய பிரிவுகளுக்காக விடாமல் நின்றவர்களில் சிலியின் எர்னான் சான்டா குரூஸ் முக்கியமானவர்.

அப்படியானால் தலைவர் செய்தது என்ன? 1947 பிப்ரவரியில் சாங்கையும் மாலிக்கையும் ஹம்ஃப்ரியையும் நியூயார்க்கில் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தார். சாங், செயலகத்தார் சில மாதங்கள் கன்பூசியஸைப் படித்துவிட்டு வந்து எழுதுவது நல்லது என்றார். மாலிக், இடைக்காலக் கிறித்தவத் தத்துவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸின் சிந்தனைக்குப் போனார். பேச்சு எட்டாத உயரத்துக்குப் போனபின் தான் தேநீர் ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்ததாக எலினார் எழுதுகிறார். தன்னடக்கமாக எழுதிய வரியாக இருக்கலாம். ஆனால் அன்றைய சந்திப்பு முடிவதற்குள் முதல் வரைவை ஹம்ஃப்ரி தயாரிப்பது என்று முடிவாகிவிட்டது. உரிமைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டுவிட்டு எழுதத் தொடங்குவோம் என்று அந்த மூவரையும் விட்டிருந்தால் இன்றைக்கும் எழுதி முடித்திருக்க மாட்டார்கள். உரிமைகளின் பட்டியலில் ஒத்துப்போவோம், காரணத்தில் அவரவர் நம்பிக்கையோடு இருப்போம் என்ற வழியில் குழுவை நடத்தியதே தலைவராக அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு. கடவுளும் இயற்கையும் பிரகடனத்தின் வாசகத்தில் இடம்பெறாமல் போனதற்குப் பின்னணி அதுதான்.

காலத்தையும் அவர் கணக்கில் வைத்திருந்தார். 1947 டிசம்பரில் ஜெனீவாவில் கூட்டங்களை இரவு வரை நீட்டியபோது, பிரதிநிதிகளுக்கும் மனித உரிமை உண்டு என்று உறுப்பினர் ஒருவர் முறையிட்டார். பேச்சுகளைச் சுருக்கினால் அமர்வும் சுருங்கும் என்பதே அவர் கொடுத்த விடையின் சாரம். சோவியத் பிரதிநிதி பாவ்லோவ் அமெரிக்காவின் நிறவெறியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அதில் உண்மை இருந்தது என்பதும், அந்த உண்மை வரைவு வேலையை இழுத்தடிக்கப் பயன்பட்டது என்பதும் சேர்ந்தே சரி. 1948 ஜூனில், மேற்கு பெர்லினுக்குப் போகும் தரைவழிகளைச் சோவியத் தரப்பு அடைத்த பெர்லின் முற்றுகை தொடங்கி, இரு தரப்பின் பகை முற்றியது. இலையுதிர் காலத்தில் பாரிஸில் மாலிக்கின் தலைமையில் மூன்றாம் குழு எண்பதுக்கும் மேற்பட்ட முறை கூடி வரைவை வரி வரியாக அலசியது. டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. சோவியத் அணியின் ஆறு நாடுகளும் தென்னாப்பிரிக்காவும் சவுதி அரேபியாவுமாக எட்டு நாடுகள் ஒதுங்கி நின்றன. இன்னும் ஓரிரண்டு ஆண்டு தள்ளிப்போயிருந்தால், கொரியப் போருக்குப் பின் இந்த வாக்குக் கணக்கு கிடைத்திருக்காது என்பது என் கருத்து.

புகழ்ச்சிக் கட்டுரைகள் பொதுவாகத் தொடாத பக்கமும் உண்டு. 1947 அக்டோபரில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளை விவரிக்கும் மனு ஒன்றை மேலே சொன்ன உரிமைச் சங்கத்தின் சார்பில் ஐ.நா.விடம் கொடுத்தார். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் எலினாரே உறுப்பினர். ஆணைக்குழுவின் தலைவரும் அவரே. மனுவை விவாதத்துக்குக் கொண்டுவர அவர் முன்வரவில்லை. அமெரிக்காவைத் தாக்கும் ஆயுதம் ஒன்றைச் சோவியத் தரப்பின் கையில் கொடுப்பதாக அது ஆகிவிடும் என்பது அவர் அச்சம். சோவியத் தரப்பு அதை எடுத்துக்கொண்டு பேசத்தான் செய்தது. விசாரணைக் கோரிக்கை தோற்கடிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் தலைமையில் இருந்த ஆணைக்குழு, தனிமனிதர் அனுப்பும் முறையீடுகள் மீது நடவடிக்கை எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அறிவித்திருந்தது. அந்த நிலை மாறத் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. அதிபரின் மனைவியாக இருந்தபோது வெளிப்படையாகப் பேச முடியாமல் தடுத்த அதே அரசு விசுவாசம், அரசின் பிரதிநிதியாக ஆனபின் எழுத்து மூலமான அறிவுறுத்தலாக வந்து சேர்ந்தது. வெளியுறவுத்துறை ஒப்பாத எதையும் அவரால் வாக்களித்து நிறைவேற்ற முடியாது. சில இடங்களில், குறிப்பாகப் பொருளாதார, சமூக உரிமைகளைச் சேர்ப்பதில், அந்தத் துறையின் தயக்கத்தை அவர் தளர்த்தினார். அதற்கும் எல்லை இருந்தது. 1948 டிசம்பர் 9 அன்று பொதுச் சபையில் பேசும்போது, அந்த உரிமைகளை அரசு நேரடியாக வழங்கியே தீர வேண்டும் என்று தன் நாடு பொருள் கொள்ளவில்லை என்று பதிவு செய்துவிட்டுத்தான் ஆதரித்தார்.

இந்த இடத்தில் இந்தியாவின் ஹன்சா மேத்தாவை நினைவுகூராமல் இருக்க முடியாது. பிரகடனம் ஆண்களை மட்டும் சுட்டுவதாகப் படிக்க இடம் தரக் கூடாது என்று அவர் வற்புறுத்தினார். அமெரிக்கப் பெண்கள் அப்படி எண்ணுவதில்லை என்று முதலில் சொன்னவர் எலினார்; இறுதி வாசகம் மேத்தாவின் வழியில் அமைந்தது. ஜெனீவாவில் உரிமைகளை நடைமுறைப்படுத்துவது பற்றிய பணிக்குழுவுக்கும் மேத்தாவே தலைமை தாங்கினார். நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் அழுத்திக் கேட்டபோது, முதலில் பிரகடனம், பிறகு மற்றது என்று நின்றது அமெரிக்கா. ஹன்சாவின் கணவர் ஜீவராஜ் மேத்தா பின்னாளில் குஜராத்தின் முதல் முதலமைச்சர் ஆனவர். பாகிஸ்தானின் சார்பில் மூன்றாம் குழுவில் அமர்ந்து, திருமணத்தில் பெண்ணின் உரிமைக்காக வாதிட்ட ஷாயிஸ்தா இக்ரமுல்லாவின் கணவர் அந்நாட்டின் முதல் வெளியுறவுச் செயலாளர். இவர்களை யாரும் அரசியல்வாதியின் மனைவி என்றோ அதிகாரியின் மனைவி என்றோ அறிமுகப்படுத்துவதில்லை. எலினாரை மட்டும் இன்னமும் அப்படி அறிமுகப்படுத்துவது, அமெரிக்காவில் அந்த இடத்துக்கு ஒரு பட்டப்பெயரும் ஓர் அலுவலகமும் இருப்பதால் வந்த பழக்கம்.

1953இல் ஐசனோவர் அதிபரானதும் எலினார் வழக்கப்படி கொடுத்த ராஜினாமா ஏற்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், தயாராகிக்கொண்டிருந்த, நாடுகளைக் கட்டுப்படுத்தும் மனித உரிமை உடன்படிக்கைகளில் அமெரிக்கா சேராது என்று அறிவித்தவர், லண்டனில் அவரைப் பேசச் சொல்லிக் கேட்ட அதே டல்லஸ். அப்போது அவர் வெளியுறவு அமைச்சர். எலினார் 1962இல் இறந்தார். உடன்படிக்கைகள் 1966இல்தான் ஏற்கப்பட்டன. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் அமெரிக்கா 1992இல் சேர்ந்தது. பொருளாதார, சமூக உரிமைகளுக்கானதில் 1977இல் கையெழுத்திட்டதோடு நிற்கிறது.

ஆட்சியில் இருப்பவரின் மனைவியால் மனித உரிமைக்கு ஏதாவது செய்ய முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. 1977இல் ரோசலின் கார்ட்டர் தன் கணவரின் நேரடிப் பிரதிநிதியாக லத்தீன் அமெரிக்காவுக்குப் போனார். பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது, ரெசிஃபி நகரில் காவல்துறையால் பிடித்து வைக்கப்பட்டு வெளியே வந்திருந்த இரண்டு அமெரிக்க மிஷனரிகளைச் சந்தித்து அவர்கள் பட்டதைக் கேட்டார். மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் வெளியுறவு பேசலாமா என்று உள்நாட்டில் கேள்வி எழுந்தது. அவரைச் சந்தித்த ஆட்சியாளர்களுக்கோ, அவரிடம் சொல்வது அதிபரின் செவிக்கு நேராகப் போகும் என்று தெரிந்திருந்தது. ஹிலாரி கிளின்டன் 1995 செப்டம்பரில் பெய்ஜிங் மகளிர் மாநாட்டில் பெண்களின் உரிமைகளும் மனித உரிமைகளே என்று பேசியது, சீன மண்ணிலேயே சொல்லப்பட்டதால் கனம் பெற்றது. அந்த உரையின் அரசியல் பலன் பெரும்பாலும் மற்ற நாட்டுப் பெண்கள் அமைப்புகள் அதை எடுத்துப் பயன்படுத்தியதில்தான் விளைந்தது. இந்த நிலை தவறாகப் பயன்படுவதும் உண்டு. சிரியாவின் அதிபராக இருந்த பஷார் அல்-அசாத்தின் மனைவி அஸ்மா பல ஆண்டுகள் வளர்ச்சி, இளைஞர் நலம் என்று மேலைப் பத்திரிகைகளில் பாராட்டப்பட்டு வந்தார். 2011இல் கணவரின் ஆட்சி போராடியவர்களைச் சுட்டபோது அந்தப் பாராட்டெல்லாம் ஆட்சிக்குப் பூசிய வெள்ளை என்பது தெரிந்துபோனது.

ஆகவே ஒருவர் யாருடைய மனைவி என்பதைவிட, அவர் கையில் கொடுக்கப்பட்ட பொறுப்பு என்ன, அதை அவர் கணவரின் அரசுதான் கொடுத்ததா என்று பார்ப்பேன். கிராசா மசேல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மொசாம்பிக்கின் முதல் அதிபர் சமோரா மசேலின் மனைவியாக இருந்தவர். அந்நாட்டின் கல்வி அமைச்சராகவும் பணியாற்றியவர். கணவர் 1986இல் விமான விபத்தில் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, ஆயுத மோதல்கள் குழந்தைகளை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராயும் பணியை ஐ.நா. பொதுச் செயலாளர் அவரிடம் ஒப்படைத்தார். 1996இல் அவர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, போர்ச் சூழலில் உள்ள குழந்தைகளுக்கென ஐ.நா.வில் தனிச் சிறப்புப் பிரதிநிதி பதவி உருவானது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதைத் தடுக்கும் விருப்ப நெறிமுறை (விரும்பும் நாடுகள் சேரும் கூடுதல் ஒப்பந்தம்) 2000ஆம் ஆண்டில் பொதுச் சபையில் ஏற்கப்பட்டது.